இரண்டடி விலக்கு

"வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவுல மூணடி விடணும்ங்கறது விதி. ஆனா உங்க மனை கோணல். அது உங்க தப்பில்ல பாருங்க! அந்த மாதிரி இடத்துக்கு ரெண்டடி விலக்கு கொடுக்கலாம், ஒரு அடி விட்டாப் போதும்," என்றாள் நகரமைப்பு அதிகாரி. விதியை விளக்கச் சொன்னால் அவளுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

எதிரே இருந்த தையல்காரர் கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரன் கூடாதுன்னு சொன்னா?"

"அப்போ விசாரணை. ரெண்டு பேரையும் இதே மேசைல நேருக்கு நேர் உட்கார வெச்சுப் பேசுவோம். வந்தே ஆகணும்."

"கட்டாயமா?"

"கட்டாயம், ஐயா. ஆட்சேபணை எழுதிக் கொடுக்க அவருக்கு முப்பது நாள் இருக்கு. பொறுங்க."

வாரம் தவறாமல் அவர் வந்து நின்றார். "அவன் ஏதாவது எழுதிக் கொடுத்தானா?"

"இல்ல. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலையாதீங்க."

முப்பதாம் நாள் அதிகாரி சிரித்த முகமாக அனுமதி உத்தரவை நீட்டினாள். "உங்க பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்தே போட்டு அனுப்பிட்டார். விசாரணையே வேணாம். எப்போ வேலை ஆரம்பிக்கறீங்க?"

தையல்காரர் உத்தரவை வாங்கவில்லை. அதோடு இணைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரின் கடிதத்தில் அந்தக் கையெழுத்தை விரலால் தடவினார்.

"கட்டறதுக்காகக் கேக்கலம்மா. அவன் என் கூடப்பிறந்த தம்பி. பதினோரு வருஷமா எனக்கு முகம் கொடுத்துப் பேசினதில்ல. சண்டை போடவாவது எதிர்ல வந்து உட்காருவான்னு நெனச்சேன்."