நிற்காத வண்டிகள்

“ஆமையைக் கூப்பிடுறதா இருந்தா என்னை விட்டுடுங்க” என்றார் வக்கீல்.

தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் மடக்கு நாற்காலி போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், வக்கீல், பல் டாக்டர். பழைய கார் சங்கத்தின் முக்கியப் புள்ளிகள். சங்கம் படுத்து பல வருஷமாகிவிட்டது. மறுபடி ஒரே ஒரு முறை அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு மலை மேலிருக்கும் ஏரி பங்களா வரை போய், வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதாகத் திட்டம்.

மூன்று பேருக்கும் தலை நரைத்திருந்தது. பேச்சு மட்டும் நரைக்கவில்லை. தலைவர் தன் வண்டி சிங்கம் என்றார். வக்கீல் தன் வண்டி புலி என்றார். பல் டாக்டர் இரண்டையும் தாண்டிப் போனதாகச் சொல்லிக்கொண்டார். ஒருத்தர் புளுகுவதை மற்ற இருவரும் தலையாட்டிக் கேட்பார்கள். அடுத்து தன் முறை வர வேண்டுமே!

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. கிளம்பிய வண்டி வழியில் நிற்கக் கூடாது, அடுத்தவர் கை பானெட்டுக்குள் போகக் கூடாது. அப்படி ஓடி முடித்த வண்டிக்குப் பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். மூன்று பேர் வண்டியின் முகப்பிலும் அது மின்னியது. சுவரில் இருந்த போட்டோவிலும் மூவரும் வில்லை மேல் கை வைத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

வில்லை இல்லாத ஒரே உறுப்பினர் ஆமை. போட்டோவிலும் இல்லாதவர். எந்தப் பயணத்திலும் கடைசியில்தான் வந்து சேருவார், அதுவும் போட்டோ எடுத்து, சாப்பிட்டு, கை கழுவிய பிறகு.

“பாவம், போன் பண்ணினான்” என்றார் தலைவர். “இந்த வருஷத்தோட வண்டி ஓட்டுறதை நிறுத்திக்கச் சொல்லிட்டாராம் கண் டாக்டர். கடைசியா ஒரு தடவை நம்மளோட வந்து போட்டோல நிக்கணுமாம்.”

“அதுவரைக்கும் போட்டோகிராபர் அங்கேயே குடித்தனம் நடத்தணுமா?” என்று பல் டாக்டர் கேட்டார். அவர் ஜோக்குக்கு அவரே முதலில் சிரித்தார்.

ஓட்டத் தெரியாதவன், சங்கத்துக்கே திருஷ்டி என்றெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். கடைசியில் ஆமை வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. தகவல் சொல்லும் பொறுப்பைத் தலைவர் ஏற்றுக்கொண்டார், பெரிய மனது பண்ணி.

அன்று சாயங்காலம் ஆமை வாசலில் தன் காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் மெழுகு. உள்ளே போன் அடிக்க, அவர் மனைவி எடுத்தாள்.

“சொல்லவே கஷ்டமா இருக்கும்மா” என்றார் தலைவர். “மத்த ரெண்டு பேரும் ஒத்துக்கல.” பிறகு குரலைத் தணித்தார். “ஆனா அவனை எங்க பின்னாடியே கொஞ்சம் தள்ளி வரச் சொல்லு. ஏத்தத்துல என் வண்டி கொதிச்சு நின்னுடும். எப்பவும் அவன்தான் சரி பண்ணி அனுப்புவான். இது அந்த ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.”

“சரிங்க, சொல்லிடறேன்” என்றாள் அவள்.

போனை வைத்த கையோடு வக்கீல் கூப்பிட்டார். அவர் வண்டிக்குக் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளுமாம், ஆமை கை பட்டால்தான் மறுபடி கிளம்புமாம். “நான் இப்படிச் சொன்னதா வெளியில பேச்சு வந்தா, சொல்லவே இல்லைன்னுடுவேன்மா” என்று முடித்தார். சட்டம் படித்தவர்.

அதற்கும் “சரிங்க.”

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பல் டாக்டர் போன் பண்ணினார். அவருடையது ஃபேன் பெல்ட். அறுந்தால் மாற்றிப் போட அவருக்குத் தெரியாதாம். “ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கம்மா. நாங்க போட்டோ எடுத்து முடிச்சப்புறம் அவர் மேல வந்தாப் போதும். அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது. எப்பவும் அப்படித்தான்.”

அவள் போனைக் கையில் வைத்தபடியே நின்றாள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எண்ணெய்க் கறையோடு வந்த சட்டைகளைத் துவைத்தவள் அவள். ‘போட்டோவுக்குக்கூட நேரத்தோட போய்ச் சேர முடியாதா உங்களால?’ என்று அவளும்தான் குத்திக் காட்டியிருக்கிறாள். நம்ம வண்டி கொஞ்சம் மெதுவா போகும் என்பதற்கு மேல் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. போனை நங்கென்று வைத்தாள்.

வாசலுக்கு வந்தாள்.

“சங்கத்துலேருந்தா?” என்று கேட்டார் அவர், துடைப்பதை நிறுத்தாமல். “வேண்டாம்னுட்டாங்களா?”

“யார் சொன்னது? மூணு பேருமே பேசினாங்க. இந்தத் தடவை நீங்கதான் முதல்ல போகணுமாம். எங்கயும் நிக்காம நேரா வரச் சொன்னாங்க. நீங்க இல்லாம போட்டோ கிடையாதாம்.”

அவர் துணியைக் கீழே போட்டார்.

“நான்தான் சொல்லுவேனே, அவங்களுக்கு மனசு தங்கம்னு.”

“ஆமாங்க. சொக்கத் தங்கம்.”

திடீரென்று அவர் முகம் மாறியது. “ஆனா, நான் முன்னாடி போயிட்டா… பின்னாடி யாராவது வழியில…” என்று ஆரம்பித்தவர், யாருக்கோ கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தவர்போல வாயை மூடிக்கொண்டார்.

அவள் காரின் டிக்கியைத் திறந்தாள்.

“அவங்க வண்டியெல்லாம் நிக்காதுங்க. அதுக்குத்தானே வில்லை குடுத்திருக்காங்க” என்றபடி ஸ்பானர் பெட்டியைத் தூக்கி இறக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.