எழுபதுல வச்சு எடு

“மூக்கு பெருசாத் தெரியுது. ஜூமை எழுபதுல வச்சு இன்னொண்ணு எடு” என்றார் மைக்கேல்சாமி.

கடைக்காரர் ஆத்மநாதன் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். விடியற்காலையிலிருந்து விராலிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்துவிட்டு, பந்தி முடிந்த கையோடு புதுக்கோட்டைக்கு வந்து கடையைத் திறந்திருந்தார். பழைய கேமராவும் லென்ஸும் வாங்கி விற்கிற சின்னக் கடை. அப்பாவும் மகளுமாக இவர்கள் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

மகள் ஷர்லிக்கு முப்பது வயதிருக்கும். ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஞானஸ்நானம், புதுநன்மை விசேஷங்களுக்குப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். கையில் அப்பாவின் கேமரா. எல்லாத்துக்கும் தோதாக ஒரு ஜூம் லென்ஸ் வேண்டும், 24-70 மில்லிமீட்டரா, 24-105 மில்லிமீட்டரா என்று இரண்டையும் மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள்.

“செவுத்தையும் காலண்டரையும் எடுத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். மூஞ்சிய எடுத்தாத்தான் வித்தியாசம் புரியும். அப்பா, நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்.”

“டெஸ்ட்டுக்குத்தானே? பாத்துட்டு அழிச்சிரு” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அவரே கண்ணாடிக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார் மைக்கேல்சாமி.

முப்பத்தைந்து வருடம் கல்யாணப் படம் எடுத்தவர். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. கடையின் மூன்று படி ஏறியதற்கே மூச்சு வாங்கியிருந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

“24-70 வெயிட்டு ஜாஸ்தி புள்ள. பூசை முடியற வரைக்கும் தூக்கிக்கிட்டு நின்னா கை கழண்டுரும்.”

“கோயிலுக்குள்ள இருட்டுல 24-105க்கு வெளிச்சம் பத்தாதுப்பா. இதுல பாருங்க, பின்னாடி அலமாரி கலங்கிப்போயி ஒங்க மூஞ்சி மட்டும் எடுப்பா நிக்குது.”

“படத்துல கண்ணைப் பெருசாக்கிப் பாரு. ரெப்பை முடி தனித்தனியாத் தெரியுதா?”

“தெரியுதுப்பா.”

“சும்மா சொல்லாத. மத்ததை மாட்டி அதே எடத்துலேருந்து எடு. அப்பறம் அம்பதுல ஒண்ணு எடு.”

லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டி ஆத்மநாதனுக்கு விரல் வலித்தது. முப்பது படமாவது ஆகியிருக்கும். அவளோ இன்னும் விலையைக் கேட்கவேயில்லை. பிடித்துப் போனவர்கள் விலையைக் கடைசியில்தான் கேட்பார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

“ஐயா, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க. எதாச்சும் ஒண்ணைக் கட்டிக்கிட்டுப் போங்க” என்றார் சலிப்போடு.

மைக்கேல்சாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்த நொடியில் ஷர்லி பொத்தானை அழுத்தினாள்.

திரையைப் பார்த்தவள் அதன்பிறகு கேமராவைத் தூக்கவில்லை.

“தொண்டை காயுது. எதுத்தாப்புல ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்” என்று மைக்கேல்சாமி மெதுவாக எழுந்து படியிறங்கிப் போனார்.

ஆத்மநாதன் பில் புத்தகத்தை எடுத்தார். “எதும்மா முடிவு?”

ஷர்லி கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிச்சுக்குங்கண்ணே. நான் லென்ஸ் வாங்க வரல.”

அவர் பேனா அப்படியே நின்றது.

“அப்பாவுக்கு ஈரல்ல கேன்சர். மூணு மாசம்னு டாக்டர் சொன்னாரு, அதுல ஒரு மாசம் போயிருச்சு. எங்க பக்கத்துல எல்லா வீட்டு ஆல்பத்துலயும் அவரு எடுத்த படம் இருக்கு. எங்க வீட்டுல அவரு படம்னு ஆதார் கார்டுல இருக்கறது ஒண்ணுதான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து, நான் கேமராவ எடுத்தாலே எந்திரிச்சுக் கொல்லப் பக்கம் போயிருவாரு. லென்ஸ் டெஸ்ட்டுன்னு சொன்னா உக்காருவாருன்னுதான்...”

கோபப்படக்கூட ஆத்மநாதனுக்குத் தெம்பில்லை.

“இப்ப வந்ததும் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுவாரு. சிரிக்கிற படத்தை மட்டும் ஒங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்குங்கண்ணே. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

அவர் கையை நீட்டி மெமரி கார்டை வாங்கினார். படத்தை ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை அப்பாவால் நடக்க முடியாது, ஆட்டோ கூப்பிட்டு வருகிறேன் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள் ஷர்லி.

அவள் போன வழியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார் மைக்கேல்சாமி. கம்ப்யூட்டர் திரையில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆத்மநாதன் பதறிப்போய் அதை மூடப் போனார்.

“இருக்கட்டும் தம்பி. பத்திரமா ஏறிருச்சுல்ல?”

“ஐயா... ஒங்களுக்குத் தெரியுமா?”

“லென்ஸ் வாங்க வந்தவ, கண்ணாடியில கீறல் இருக்கா, பூஞ்சை இருக்கான்னு பாக்காமயா இருப்பா?”

ஆத்மநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “தெரிஞ்சும் இவ்வளவு நேரம் உக்காந்து, அதை எடு இதை எடுன்னு சொன்னீங்களே! அப்பறம் வீட்டுல மட்டும் ஏன் எந்திரிச்சுப் போனீங்க?”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஷர்லி இறங்குவதைப் பார்த்து மைக்கேல்சாமி குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுல கேமராவத் தூக்குனாலே அவ அழுதுருவா தம்பி. இங்க லென்ஸு பேச்சுல அழ மறந்துட்டா.”