நடந்த தூரம்

கணுக்கால் ஒப்பரேஷன் முடிந்து ஆறு வாரம். பதுளை கிளினிக்கில் தாதி அகீலா வழக்கமான கேள்விப் படிவத்தை எடுத்தாள்.

“வலி பத்துக்கு எத்தனை?”

“சைபருங்க,” என்றாள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தெய்வானை.

“இந்த வாரம் எவ்வளவு தூரம் நடந்தீங்க?”

“லயத்து வீட்ட விட்டு எறங்கவே இல்லீங்க.”

அகீலா அதற்கும் சைபர் எழுதிவிட்டு மாவுக்கட்டை வெட்டினாள். வெளிப்பக்கம் போட்ட நாளில் இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. உள்ளே, உள்ளங்கால் முழுக்க ஈரச் செம்மண் அப்பியிருந்தது. குதிகாலில் ஒரு தேயிலைத் துளிர், வாடாமல் ஒட்டியிருந்தது.

அகீலா படிவத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். தெய்வானை கொஞ்சம் மண்ணைக் கிள்ளி உருட்டிப் பார்த்தாள்.

“நான் வழுக்கி விழுந்த ஏழாம் நம்பர் மலை மண்ணுங்க இது,” என்றாள். “காலு மட்டும் போயிருக்கு போல. போக வர ஆறு மைல். தூரத்த மாத்திப் போட்டுக்குங்க, மிஸ்.”