காகத்துக்குத் தனிப் பாடம்

கொக்கு தன் வீட்டில் சாக்ஸபோன் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கேற்ற பாடம் என்று வாசலில் பலகையும் மாட்டியிருந்தது. தவளைக்குத் தம் பிடிக்கும் பயிற்சி, அணிலுக்குச் சின்னச் சின்னப் பாட்டுகள்.

காகம் வந்து சேர்ந்தபோதுதான் கொக்குக்குப் பயம் வந்தது. இது ஊதினால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளுமே. அதனால் காகத்தின் சாக்ஸபோனிலிருந்து வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, "உனக்கு முதல்ல விரல் படியட்டும்" என்றது. காகம் ஒரு வருஷமாகச் சத்தமில்லாமல் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் மைனா தன் பிள்ளையைச் சேர்க்க வந்தது. "எப்படிச் சொல்லித்தருவீங்க?" என்று கேட்டது.

கொக்கு வாய் திறப்பதற்குள் காகம் முந்திக்கொண்டது. "எங்க மாஸ்டர் மாதிரி யாரும் பார்த்துப் பார்த்துச் சொல்லித்தர மாட்டாங்கக்கா. எனக்குன்னு தனிப் பாடமே வெச்சிருக்கார். அவசரப்பட்டு ஊதிக் கெட்டுடக் கூடாதுன்னு இன்னும் ஊதவே விடலை."

மைனா கொக்கைப் பார்த்தது. கொக்கு தரையைப் பார்த்தது.

மைனா போன பிறகு கொக்கு டிராயரைத் திறந்து, மவுத்பீஸில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, காகத்திடம் நீட்டியது. "இன்னைக்கு ஊது."

காகம் பின்வாங்கியது. "வேண்டாம் மாஸ்டர். எனக்கு இன்னும் விரல் படியலை. உங்களுக்குத் தெரியாததா?"