வாலுக்குப் பின்னால் வந்தவள்

ஒரு கிழட்டு விமானம் இருந்ததாம். சண்டை விமானங்கள் சுட்டுப் பழகுவதற்காக, நீளக் கம்பியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வானத்தில் இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. யார் சுட்டது எங்கே பட்டது என்று தெரிய, ஒவ்வொரு விமானத்தின் தோட்டாவிலும் ஒவ்வொரு நிறச் சாயம் பூசியிருக்கும்.

“சும்மா தொங்கிக்கிட்டு வர்றே. உன்னை இழுத்தே என் உசிரு போகுது. இம்புட்டு நீளக் கம்பி எதுக்கு? கிட்ட வந்து தொலையேன்!” என்று துணியிடம் சிடுசிடுத்தார் விமானக் கிழவர்.

“தள்ளியே வர்றேனே, அண்ணே” என்றது துணி.

அன்றைக்குப் புதுசாக வந்த விமானம் ஒன்று பதற்றத்தில் கண்டபடி சுட்டுவிட்டது. தரையிறங்கியதும் ஆட்கள் துணியை விரித்துப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் பொத்தல். கம்பியின் நடுவிலும் அந்தப் புது விமானத்தின் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. துணி கிட்ட வந்திருந்தால் அந்தத் தோட்டா தன் வாலில்தான் பாய்ந்திருக்கும் என்று கிழவருக்குப் புரிந்தது.

“வலிக்குதாம்மா?” என்று துணியைக் கேட்டார்.

“நீங்க வெடுக்குனு திரும்பும்போது காத்து அடிச்சாத்தான் கொஞ்சம் கிழியுது, அண்ணே.”

மறுநாள் வானத்தில் கிழவர் மெள்ள மெள்ள வளைந்து திரும்பினார். பின்னால் வந்த விமானங்கள், “சீக்கிரம் திரும்புய்யா, பெருசு!” என்று கத்தின.

“பொறுங்கடா. என் தங்கச்சி வர்றா” என்றார் கிழவர்.