தட்டு மாற்றுபவர்

சக்கரபாணி டேப்லெட்டில் அந்தப் பெயரைத் தொட்டார். 'பிரிண்டருக்கு அனுப்பப்பட்டது' என்றது அது, மிகுந்த மரியாதையோடு.

மேசை மேல் இருந்த புது பிரிண்டர் நீல விளக்கைச் சிமிட்டியது. தாள் வரவில்லை.

மறுபடி தொட்டார். மறுபடி மரியாதை. மறுபடி சிமிட்டல். வாலிபத்தில் எவளாவது இப்படிக் கண் சிமிட்டியிருந்தால்கூட அவர் இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டார்.

சாயங்காலம் மகள் அஸ்வினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கண்டமங்கலத்தில் வேன் ஏறப்போகிறார்கள். சபையில் வாசிக்க வேண்டிய லக்னப் பத்திரிகையை ஐயரே டைப் செய்து டேப்லெட்டுக்கு அனுப்பிவிட்டார். பெயர்களை மட்டும் போட்டுத் தாளில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அஸ்வினி திண்டிவனத்தில் பியூட்டி பார்லரில் இருந்தாள். முகத்தில் எதையோ அப்பியிருந்ததால் உதடு அசைக்காமல் போனில் சொன்னாள். "பிரிண்டர் பேரு ஒண்ணு காட்டும்பா. அதத் தொடு, அவ்ளோதான். ஒயரே வேணாம், எல்லாம் காத்துலயே போய்டும்."

ஒரு பெயர்தான் காட்டியது. தொட்டார். காற்றில் போயிற்று. எங்கே போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

இந்த வீட்டுக்கு இன்டர்நெட்டும் அப்படித்தான், ரொம்ப நாளாகக் காற்றில் வருகிறது. பில் வராத சாமானைப் பற்றி அவர் கேள்வி கேட்பதில்லை.

தாள் வராத நேரத்தில் அவர் செய்த தப்பு, அனுப்பியதைப் படித்துப் பார்த்ததுதான்.

'தாம்பூலத் தட்டு மாற்றுபவர்: சக்கரபாணி.'

அவர்கள் வகையறாவில் பெண்ணின் அப்பா தட்டு மாற்றுவதில்லை. பங்காளிகளில் மூத்தவர் மாற்ற வேண்டும். மூத்தவர் அண்ணன் சுப்பராயலு. பக்கத்து வீடுதான், நடுவில் ஒரே சுவர். ஆனால் சுவரின் இரண்டு பக்கமும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன.

காரணம் ஒரு தார்ப்பாய். களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள் திடீரென்று மழை. அண்ணன் தன்னுடையதை மூடினார், தம்பியுடையதை நனைய விட்டார். அல்லது பாய் பத்தவில்லை. இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் சண்டை முடிந்து பகை ஆரம்பித்துவிட்டது.

அண்ணனை அழைக்க வேண்டுமென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு அந்த வாசலுக்குப் போக வேண்டும். செருப்புகூடப் போட வேண்டாத தூரம். நேற்று இரண்டு முறை தட்டை எடுத்தார். ஒருமுறை வேப்பமரம் வரைக்கும் போய்விட்டு, மரத்துக்கு வெற்றிலை காட்டிவிட்டுத் திரும்பினார்.

பத்திரிகையை மேலிருந்து படித்தார். 'அமரர் கோவிந்தசாமி அவர்களின் பேத்தி' என்று அப்பா பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒற்றைப் பிள்ளையாகத் தான் மட்டும் நிற்பது, அண்ணனை உயிரோடு அமரர் ஆக்கிவிட்டது போல இருந்தது.

தன் பெயரை அழித்துவிட்டு 'சுப்பராயலு' என்று போட்டார். அனுப்பினார். சிமிட்டல்.

முளைவிட்டுப் போன மல்லாட்டை ஞாபகம் வந்தது. சுப்பராயலுவை அழித்தார். அனுப்பினார். சிமிட்டல்.

வாழைப்பழச் சீப்பைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி தையல்நாயகி நிமிராமலே கேட்டாள். "அந்தாண்ட வூட்டுக்குப் போய் ஒரு வார்த்த கூப்புட முடியல. மெஷினாண்ட இன்னாங்க உங்களுக்குக் கோவம்?"

சுப்பராயலு மறுபடி உள்ளே வந்தார். சிமிட்டல்.

உடனே வேறொரு பயம் பிடித்தது. சபையில் பெயரை வாசித்து, எழுந்து வர ஆள் இல்லாவிட்டால்? சம்பந்தி வீட்டார் முன்னால் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

சுப்பராயலு வெளியே போனார். இந்த முறை கோபத்தில் பட்டனை விரல் நோக அழுத்தினார். பிரிண்டரின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார். ஒரே பேச்சில் நிற்கத் தெரியாத சனியன் என்று திட்டினார். அது யார் என்று பிரிண்டர் திருப்பிக் கேட்கவில்லை.

வாசலில் யாரோ செருமினார்கள்.

சுப்பராயலு நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு கத்தைத் தாள். முகத்தைப் பார்க்காமல், நிலைக்கதவைப் பார்த்துப் பேசினார். அவர் மகள் சித்ரா டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடிக்கிற பிரிண்டரில் காலையிலிருந்து இதுதான் வந்து விழுகிறதாம். தம்பி வீட்டு டேப்லெட் ஓடுவதே தங்கள் வீட்டு வைஃபையில்தான் என்று சித்ரா இப்போதுதான் வாயைத் திறந்தாளாம்.

பாஸ்வேர்டைச் சித்ராவும் அஸ்வினியும், அக்காவும் தங்கையுமாக, எப்போதோ கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மல்லாட்டை நனையவில்லை.

சக்கரபாணி வாண்ணா என்று சொல்ல நினைத்தார். டேப்லெட்டை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணுல நான் இருக்கறேன். அடுத்ததுல இல்ல. திரும்ப வர்றேன், திரும்பக் காணோம்," என்றார் அண்ணன். "இதுல எதுடா கடைசி?"

கடைசியாக அனுப்பியதில் அண்ணன் பெயர் இல்லை. அது சக்கரபாணிக்குத் தெரியும். கத்தையை அந்த வரிசையிலேயே எடுத்து வந்திருந்தால் அண்ணனுக்கும் தெரியும்.

சக்கரபாணி கையை நீட்டினார். அண்ணன் கொடுத்தார்.

மேலே இருந்தது சுப்பராயலு என்று பெயர் போட்ட தாள். அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

சக்கரபாணியின் கட்டை விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.