வெள்ளைக் கதவு

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. மனம் நொந்தவர்கள் வந்து படம் வரையும் எங்கள் கூடத்தில், இன்றுதான் முதன்முறையாக வந்திருக்கும் லாரி டிரைவர் தான் வரைந்த சூரியகாந்திப் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையில் அப்பிய மஞ்சளைத் துணியில் துடைத்துக்கொண்டு நிற்கிறார். வெறும் கேன்வாஸ் என்று நினைத்து அதை அவருக்கு எடுத்துக்கொடுத்தவள் நான்தான். டியூப்லைட்டில் அது வெறுமையாகத்தான் தெரிந்தது. இந்தச் சாய்வெயிலிலோ, பூவுக்குத் தப்பிய கீழ்மூலையில், வெள்ளையின் மேல் வெள்ளையாக ஒரு சின்னக் கதவு புடைத்துக்கொண்டு நிற்கிறது. படியும் தாழ்ப்பாளும்கூட இருக்கின்றன. யாரோடும் பேசாமல் எட்டு வாரமாக வெள்ளையை மட்டுமே குழைத்துக்கொண்டிருந்த தபால்காரம்மா அதன் முன்னால் வந்து நிற்கிறார். தொந்தரவு செய்யக் கூடாதென்று, அவர் வரைவதை நான் ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. மஞ்சளுக்கு அடியில் இன்னும் எத்தனை கதவுகளோ. “எப்படிம்மா இருக்கு? நமக்கு இதெல்லாம் பழக்கமில்ல” என்று அவரிடம் கேட்கிறார் டிரைவர். “அடியில யாரோ கெட்டியா வெள்ளை பூசி வெச்சிருந்தாங்க. அதான் மஞ்சள் எடுப்பா இருக்கு.” தபால்காரம்மா குனிந்து அந்த ஒற்றைக் கதவைக் கட்டைவிரலால் தடவுகிறார். “நான்தாங்க பூசினேன்.” குரல் கரகரக்கிறது. “புதுசா வர்றவங்களுக்கு ஆகுமேன்னு.” டிரைவரின் முகம் மலர்கிறது. தபால்காரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று எட்டு வாரமாகக் காத்திருந்தேன். வந்த முதல் பேச்சே என் தவறைப் பூசி மெழுகத்தான் வந்திருக்கிறது.